திறக்காத யன்னலும் பொங்கின பாலும்

திங்கட்கிழமை காலமை கதவுக்குக் கீழால ஒரு கடிதம் வந்து கிடந்தது. மேல் மாடியில இருக்கிற வீட்டுச் சொந்தக்காரி எழுதினது. யன்னலை முந்தி இருந்த மாதிரியே ஆக்கித் தரவேணுமாம். இல்லாட்டில் வேற இடம் பார்க்கட்டுமாம்.

முந்தி எப்பிடி இருந்தது எண்டு சொல்லவோ? திறக்காமல் இருந்தது!

பேப்பர் விளம்பரத்தில 'கார்டன் லெவல் அப்பார்ட்மென்ற்' எண்டு போட்டிருந்தவை. தோட்டத்தோட வீடாக்கும் எண்டு நினைச்சன். பேஸ்மென்ற் எண்டு சொல்ல வெக்கப்படுற ஆக்கள் வைச்ச பேர் அது. பாதி மண்ணுக்குக் கீழ. யன்னலால பார்த்தால் ரோட்டில போறவையின்ர சப்பாத்துத்தான் தெரியும்.

அதுக்கு முன்னம் ரொறன்ரோவில, சென் ஜேம்ஸ் ரவுணில பதினாலாம் மாடியில இருந்தனாங்கள். லிஃப்ற் பழுதாகிற நாளெல்லாம் மூண்டு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி, என்ர மனிசிக்கு முழங்கால் போச்சுது. அதுதான் ரெண்டு தெரு தள்ளி, ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டின பழைய செங்கல் வீட்டுப் பக்கம் வந்தம். எல்லாம் நூறு வருசத்துக்கு மேற்பட்டது. ஞாயிற்றுக்கிழமையளில ஆக்கள் கூட்டமாய் வந்து நிண்டு படம் எடுப்பினம்.

வீடு பார்க்கப் போன அண்டைக்கு எங்களுக்கு ஒரே அவசரம். மனிசி பஞ்சாங்கத்தை ரொறன்ரோ நேரத்துக்கு மாத்திப் பார்த்து, புதன்கிழமை பன்ரெண்டுக்கு முன்னம் கையெழுத்து வைச்சிடவேணும், பிறகு ராகுகாலம் எண்டு நிண்டா. பத்து நிமிசத்தில சுத்திப் பார்த்துக் கையெழுத்தை வைச்சம். நாள் பார்த்தம், நேரம் பார்த்தம்... யன்னல் திறக்குமோ எண்டு மட்டும் பார்க்கேல்லை.

குடிபோன அண்டு பால் காய்ச்சினம். பொங்கி வழியவேணுமெல்லே? வழிஞ்சுது. கரண்ட் அடுப்பு சிவந்துபோய்க் கிடந்தது. பால் கருகி வீடு முழுக்கப் புகை. மகள் இருமத் துவங்கினாள். ஓடிப்போய் யன்னலைத் தள்ளினன், குத்தினன், தோளால இடிச்சன். ம்ஹூம்! எத்தினை தரம் பெயின்ற் பூசினவையோ, சுவரோட சுவராய் இறுகிப்போச்சுது. இருக்கிறது அந்த ஒரு யன்னல். வாசலுக்கு ஓடுறதெண்டால் அடுப்பைக் கடந்துதான் ஓடவேணும்.

புகை அலாம் கத்த, வீட்டுக்காரி இறங்கி வந்தா. பிள்ளைக்கு என்ன எண்டு கேட்டிருப்பா எண்டு நினைக்கிறியளோ? சீலிங்கில புகை படிஞ்சிட்டுதோ எண்டு பார்த்தா. யன்னலைச் சொன்னன். அது அந்தக் காலத்து யன்னலாம், காப்பாத்தவேண்டிய பழைய வீடாம், முன்பக்கத்தில கை வைக்கிறதெண்டால் சிற்றி நிர்வாகத்திட்ட அனுமதி எடுக்கவேணுமாம், பார்ப்பமாம்.

ரெண்டு கிழமையாய்ப் பார்த்தா. மகள் படுக்கிறது அந்த யன்னலுக்குக் கீழ. நெருப்பென்ன, அனுமதி எடுத்துக்கொண்டே வரும்? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

போன சனிக்கிழமை தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்து யன்னல் சட்டத்தைச் சுத்திவரக் கீறினன். வீட்டுக்காரி வீட்டை விட்டு எழுப்பிப் போடுவா, சும்மா இருங்கோ எண்டு மனிசி பேசினா. பேசிப்போட்டு அவவே வந்து மற்றப் பக்கத்தைப் பிடிச்சுத் தள்ளினா. படாரெண்டு திறந்துது. மகள் முகத்தை வெளியில நீட்டி, போற வாற சப்பாத்துக்கெல்லாம் ஹாய் சொன்னாள்.

பழசைக் காப்பாத்தவேணும், ஓம், ஆர் இல்லையெண்டது? யன்னலுக்குக் குடுக்கிற மரியாதையில அரைவாசியாவது அதுக்குக் கீழ படுக்கிற பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதோ?

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேல போனன். வீட்டுக்காரி கதவைத் திறக்க, பின்னால அவவின்ர பேரப்பிள்ளை நிண்டுது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன்:

"உங்கட பேரப்பிள்ளையை ஒரு இரவு அங்க படுக்க விடுங்கோ. விடிய நானே யன்னலை ஒட்டித் தாறன்."

அவ கதவைச் சாத்தினா.

எழும்பச் சொன்னால் எழும்புவம். ஆனால் அந்த யன்னலைத் திறந்து வைச்சிட்டுத்தான் போவன் — அடுத்ததாய் வாறவையும் எங்களைப்போல யன்னலைப் பாராமல் நாள் மட்டும் பார்த்து வாற ஆக்களாய் இருந்தால்?