பின்பக்கக் கையுறை

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபம் வராது. நடுராத்திரி, சுடுகாடு எதுவும் இதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி மூன்று நாற்பது.

முதுகலை வேதியியல், கடைசி வருடம். தனியாக ஆய்வு செய்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பேட்டரிக்கான ஒரு மஞ்சள் தூள். காற்று பட்டால் போதும், அழுகிய முட்டை நாற்றமெடுத்துக் கெட்டுவிடும். இரண்டு முறை கெட்டது. இன்னும் ஒரு முறைக்குத்தான் ரசாயனம் இருந்தது. "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு சாம்பிள் வரலைன்னா இந்தத் தலைப்பையே மறந்துடு" என்று வழிகாட்டி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். மறந்தால் ஒரு வருடம் போச்சு.

இந்த வேலைக்கென்று ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. உள்ளே காற்று கிடையாது, ஆர்கான் வாயு மட்டும். முன்பக்கத் துளைகளில் தோள் வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறைகள். வெளியே நின்றபடி அவற்றுக்குள் கையை நுழைத்து உள்ளே வேலை செய்ய வேண்டும். பின்பக்கமும் அதேபோல ஒரு ஜோடி உண்டு. ஆனால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல்தான் இடைவெளி. அந்த ஜோடி உள்ளே துவண்டு கிடக்கும், யாரும் தொடுவதில்லை.

தனியாக வேலை செய்யக் கூடாது என்பது விதி. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் மட்டும் போனேன்.

மூன்று ஐம்பத்திரண்டு. சின்ன உரலில் தூளை அரைத்துக்கொண்டிருந்தேன். கர்ர்... கர்ர்... மேலே, உள்ளே துளி காற்று கசிந்தாலும் காட்டிவிடும் ஆக்சிஜன் மீட்டர். எப்போதும் 0.4 காட்டும். இப்போது 0.9. பிறகு 0.4. மறுபடியும் 0.9. ஒருவர் மூச்சை இழுத்து விடும் இடைவெளி. நான் என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

மீட்டர் நிற்கவில்லை.

நாலு ஐந்து. மேசையில் கைப்பேசி அடித்தது. அக்காவாக இருக்கும். இரண்டு கையும் உள்ளே, எடுக்க முடியாது. திரும்பிப் பார்த்த நொடியில் கை தட்டி, தூளைப் போட வைத்திருந்த பாட்டில் உருண்டு பின் மூலைக்குப் போய்விட்டது. முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி எட்டினேன். எட்டவில்லை.

பின்பக்க வலது கையுறை... மெதுவாக... உப்பியது.

ஒவ்வொரு விரலாக.

பாட்டிலை எடுத்தது. என் பக்கம் நகர்த்தி வைத்தது.

கையை உருவப் பார்த்தேன்.

மணிக்கட்டைப் பிடித்தது.

இரண்டு ரப்பரையும் தாண்டி... சூடு தெரிந்தது.

விட்டது.

எப்படி ஓடினேனோ தெரியாது. படியில் மணி பார்த்தேன். நாலு ஒன்பது. வீட்டில் அக்காவிடம் அழுதேன். "தூங்காம தூங்காம மூளை குழம்பிடுச்சு உனக்கு. போய்ப் படு" என்றாள்.

திங்கள் எட்டரை. எல்லாம் போச்சு என்று நினைத்துத்தான் போனேன். உரலில் ஒரு துகள் மிச்சமில்லை. பாட்டில் நிறைந்து, மூடி இறுகி, சீட்டு ஒட்டி நின்றது. எனக்கு அது மூன்றாவது முயற்சி. சீட்டில் யாரோ 'முயற்சி 17' என்று எழுதியிருந்தார்கள்.

வேறு வழியில்லை, கொடுத்தேன். தூளின் எக்ஸ்ரே சோதனை முடிவைப் பார்த்து மேடம் முதல் தடவையாக என்னிடம் சிரித்தார். "அப்பழுக்கில்லாம வந்திருக்கு. ரசாயனம் வரவழைச்சுத் தர்றேன். இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை செஞ்சு காட்டு. அப்பதான் ஏத்துக்குவாங்க."

நேராக பம்பு அண்ணனிடம் ஓடினேன். ஆய்வக இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். எந்நேரமும் பம்புக்கு அடியில் கிடப்பதால் அந்தப் பெயர். பின்பக்கக் கையுறைகளைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அது எதுக்கும்மா? வெளிப்பக்கம் தகடு போட்டு மூடி ஆறு வருஷமாச்சே" என்று முனகிக்கொண்டே பெட்டியை நகர்த்தினார். உண்மைதான். துளைகளின் மேல் இரும்புத் தகடு. எட்டு போல்ட்டும் துருப்பிடித்திருந்தன.

வலதுபக்கத் தகட்டைக் கழற்றினார். கையுறைக்குள் கையை விட்டார். சட்டென்று வெளியே எடுத்தார்.

அவர் உள்ளங்கை முழுக்க ஈரம். வேர்வை நாற்றம்.

"யாரும்மா இப்ப கையை எடுத்தது?" என்றார்.