லிஃப்ட்காரியும் நாற்பத்து நான்கு புகார்களும்

லிஃப்ட் பழுது பார்ப்பவளை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் லிஃப்ட்காரி என்றே அழைத்தார்கள். கையில் கிரீஸ், இடுப்பில் ஸ்பேனர், வீட்டில் ஐந்து வயதுப் பெண். முதல் இரண்டைப் பற்றி அரசுக்குக் கவலையில்லை. மூன்றாவதற்குத் தாய்மைத் தர வாரியம் இருந்தது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு தாய்க்கும் நூறு மதிப்பெண். அக்கம்பக்கத்தார் எழுதிப் போடும் ஒவ்வொரு புகாருக்கும் ஒன்றரை குறையும். முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் குழந்தை வேறொரு ‘தகுதியுள்ள தாய்’ வீட்டுக்குப் போய்விடும். தந்தைகளுக்கு மதிப்பெண் கிடையாது. பாராட்டுப் பத்திரம் மட்டும். ஒருமுறை மகளுக்குத் தலைவாரி விட்டதற்கு லிஃப்ட்காரியின் கணவன் வாங்கியது கூடத்தில் தொங்கியது. கோணல் வகிடைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மாடி வீட்டு ரிட்டயர்ட் டீச்சர் தனியாளாக நாற்பத்து நான்கு புகார் எழுதினார். குழந்தை அழுகிறது. குழந்தை அழுவதே இல்லை, மிரட்டி வைத்திருக்கிறாள். கிரீஸ் கையால் கன்னத்தைக் கிள்ளினாள். மதிப்பெண் முப்பத்து நான்குக்கு வந்ததும் அதிகாரி வந்தார். கணவன் பணிவாகக் குழந்தையின் பையைக் கட்டினான். டீச்சரும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்து கேட்டார்.

“ஸ்பேனர் புடிக்கிற கைக்குப் புள்ளை எதுக்கு?”

பதிவேட்டைப் படிக்காமல் எந்த லிஃப்டையும் தொடாதவள் லிஃப்ட்காரி. புகார்க் கட்டை வாங்கிப் படித்தாள்.

“சார், ‘பார்த்த நேரம்’னு ஒரு கட்டம் இருக்கே, கூட்டிப் பாத்தீங்களா?”

“அது எதுக்கும்மா?”

“டீச்சரம்மா அறுநூத்திப் பத்து மணி நேரம் என் பொண்ணையே பாத்திருக்காங்க. ஐந்நூறு தாண்டினா துணைத் தாய், அவங்களுக்கும் மதிப்பெண் உண்டுன்னு உங்க சட்டமே சொல்லுது. எனக்குக் கொறைச்சதை அவங்களுக்கும் கொறைங்க.”

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. “எனக்குக் கண்ணே சரியாத் தெரியாது சார்.” நாற்பத்து நான்கையும் ஒரே மூச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டு மாடியேறிவிட்டார்.

கணவன் பையைப் பிரித்தான். அதிகாரியோ பேனாவை மூடவில்லை.

“நூத்துக்கு நூறா? புகாரே இல்லாத அம்மாவா? எதையோ மறைக்கிறீங்க. குழந்தையை ஒரு மாசம் வாரியத்துல வெச்சு விசாரிக்கணும்.”

கணவன் மறுபடியும் பையைக் கட்டினான். லிஃப்ட்காரி இரண்டிரண்டு படியாகத் தாவி டீச்சரின் கதவைத் தட்டினாள்.

“ஒரே ஒரு புகார் எழுதிக் குடுங்க. பார்த்த நேரம் அஞ்சு நிமிஷம் போதும்.”

“என்னன்னு எழுத?”

“அக்கம்பக்கத்துல சண்டை போடுறாள்னு.”

“அது உண்மையாச்சே” என்று டீச்சர் தயங்கினார். உண்மையை எழுதி அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதினார்.

அதிகாரி தொண்ணூற்றெட்டரை போட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, ஒரே நாளில் இரண்டு முறை பை கட்டிய தந்தைக்கு இன்னொரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.