எந்தக் கப்பல் என்று வீட்டுக்குத் தெரியுமா?

கேப்டன் தணிகாசலம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் குமரேசன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று முழுவதும் என்னிடம் துக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. அடையாறில் வங்கியில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் கூப்பிய கைகள், ஒரு பூ, 'நம் கேப்டன் இறைவனடி சேர்ந்தார்' என்று ஒரு வரி. கேப்டன் யாருடைய ஏஜென்சியை எங்கள் கம்பெனியின் வாசலுக்கு வெளியே நிறுத்தினாரோ, அந்த மனிதர் 'நம் கேப்டன்' என்கிறார். கம்பெனியிலிருந்தோ கேப்டன் வீட்டிலிருந்தோ எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் பலரும் கப்பலில் இருந்தவர்கள். அவரை அறிந்தவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு கப்பல் நிர்வாகக் கம்பெனியில் நானும் அவரும் பல ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கப்பலுக்கு வேண்டிய ஆட்களை நாங்கள் நேரடியாக எடுப்பதில்லை. வெளி ஏஜென்சிகள் எடுத்துத் தரும். அந்த ஏஜென்சிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கண்காணிப்பது எங்கள் பொறுப்பு. அவர் நேரில் போய்ப் பார்ப்பார், நான் அறிக்கை எழுதுவேன். என் கணவரும் கப்பல் அதிகாரியாக இருந்து மறைந்தவர். கடலுக்குப் போனவரின் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேப்டன் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வெளிநாட்டுத் துறைமுக அதிகாரிகளிடம் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் காது குளிரும். என்னிடம் மட்டும் வேண்டுமென்றே கூவக்கரைத் தமிழ். நான் கான்வென்டில் படித்தவள், கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்துகிறவள் என்பதற்காக எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார். "இன்னா டீச்சரம்மா, காத்தாலயே மூஞ்சி இப்டி கீது? எவன் மாட்னான்?" என்று கேட்டுக்கொண்டேதான் அறைக்குள் வருவார். நான் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவேன்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் குமரேசனின் ஏஜென்சி இருந்தது. அங்கே ஆய்வுக்கு ஒருமுறை நானும் உடன் போனேன். உரிமம் கண்ணாடிச் சட்டத்தில் பளபளத்தது. கோப்புகள் வரிசையாக இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். கேப்டன் எதையும் தொடவில்லை. வெளியே பெஞ்சில், வேலைக்காகக் காத்திருந்த ஆட்களோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒரே ஆத்திரம். கடைசியில் உள்ளே வந்து, சமீபத்தில் கப்பலேறிய ஒருவரின் வீட்டு எண்ணைக் குமரேசனிடம் கேட்டு, அங்கேயே போன் போட்டார். அந்த ஆளின் மனைவி எடுத்தார். எந்தக் கப்பல் என்று கேட்டார் கேப்டன். தெரியாது என்றார் அந்தப் பெண். ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர்களுக்குத் தெரியும் என்று பதில் வந்தது.

படியிறங்கும்போது என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஃபைலு ஏஜென்ட் எழுதறது டீச்சரம்மா. வூடுதான் நெசத்த சொல்லும்."

சொல்வது சுலபம். அவர் அறிக்கைக்குத் தரும் குறிப்பு ஒரே வரி: 'வீட்டுக்குத் தெரியவில்லை.' அதை வைத்துக்கொண்டு நான் தலைமையகத்துக்கு எப்படி எழுதுவது? ஆதாரம் என்ன, எந்த விதி மீறப்பட்டது என்று அவர்கள் கேட்பார்கள். விளக்கமாக எழுதிக் கொடுங்கள் என்று அவரிடம் மன்றாடியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அசையமாட்டார். இன்றைக்கும் சொல்வேன், அது சோம்பேறித்தனம்தான். அவர் ஒழுங்காக எழுதிவைத்திருந்தால் பாதி ஏஜென்சிகள் வாலாட்டியிருக்காது.

இந்தப் போன் பழக்கம் ஏஜென்சிகளுக்கு விரைவில் தெரிந்துவிட்டது. ஆளை அனுப்புவதற்கு முன்பே அவர்கள் வீட்டாருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். எந்த வீட்டுக்குப் போன் செய்தாலும் கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கொடி, அவசர எண் எல்லாம் பள்ளிப் பிரார்த்தனை மாதிரி மூச்சுவிடாமல் வரும். இது ஏமாற்று வேலை, ஒப்பிக்கிறார்கள் என்று நான் கொதித்தேன். அவர் சிரித்தார். "ஒப்பிச்சா இன்னா? தெரிஞ்சிக்கினாங்க இல்ல? நமக்கு அதான வோணும்."

அந்த ஒப்பிப்புதான் குமரேசனைக் காட்டிக்கொடுத்தது. கடலூர்ப் பக்கத்தில் ஓர் அம்மாள், இன்ஜின் அறை வேலைக்குப் போன தன் மகன் இருக்கும் கப்பலின் பெயரைத் தடங்கலில்லாமல் சொன்னார். அது எங்கள் நிர்வாகத்தில் இருந்த கப்பல். எதற்கும் இருக்கட்டும் என்று கேப்டன் அந்தக் கப்பலுக்கே பேசினார். அந்த மகனின் பெயரில் யாரும் கப்பலில் இல்லை. விமான நிலையத்தில் வைத்து ஆளை வேறு முதலாளியின் பழங்கப்பலுக்குத் திருப்பிவிட்டிருந்தார் குமரேசன். அங்கே அவசரமாக ஆள் கேட்டார்களாம். ஒப்பந்தத்தில் இருந்த பெயரை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தவர், கப்பலை மாற்றியபோது அந்த அம்மாளுக்குப் புதுப்பெயரைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்.

அந்தப் பழங்கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே, குடிதண்ணீரை அளந்து கொடுக்கும் நிலையில் நின்றுகொண்டிருந்தது. அந்த மகனை வீடு சேர்க்கப் பல மாதங்கள் ஆயின. குமரேசனின் ஏஜென்சியைக் கேப்டன் நீக்கினார். கொஞ்ச நாளில் அதே மாடியில், அதே நாற்காலியில் குமரேசனே உட்கார்ந்திருக்க, மைத்துனர் பெயரில் புதுப்பலகை தொங்கியது. விண்ணப்பம் வந்தது. கேப்டன் மறுத்தார். மறுபடி வந்தது. மறுபடி மறுத்தார். நாங்கள் ஓய்வு பெற்று ஆலோசகர்களாக ஆன பிறகும் இந்தக் கூத்து ஓயவில்லை. ஏஜென்சியைச் சேர்க்க எங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டும். அவர் போய்விட்டதால் இப்போது குறுக்கே நிற்பது என் கையெழுத்து ஒன்றுதான்.

இரங்கல் கூட்டம் மயிலாப்பூரில் ஒரு சிறிய ஹாலில் நடந்தது. பெரிய ரோஜா மாலை குமரேசனுடையது. மைக்கையும் அவரே பிடித்தார். "கேப்டன் எனக்கு அண்ணன் மாதிரி. போன மாசம்கூட, 'குமரேசா, நீ திரும்ப அப்ளை பண்ணு, நான் பார்த்துக்கிறேன்'னு சொன்னார்." முன்வரிசையில் எங்கள் இப்போதைய மேனேஜர் கார்த்திக் தலையாட்டினார். அவசரத்துக்கு ஆள் தருவதில் குமரேசனை மிஞ்ச முடியாது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். கூட்டம் முடிந்ததும் குமரேசனை அழைத்துக்கொண்டு என் நாற்காலிக்கே வந்தார். "மேடம், கேப்டனே சொல்லிட்டுப் போயிட்டார். அவரோட கடைசி ஆசைன்னு வெச்சுக்கலாமே."

இறந்தவர் வாயில் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம் போலிருக்கிறது. நான் குமரேசனைப் பார்த்து, இந்த மாதம் அவர் அனுப்பிய யாராவது ஒருவரின் வீட்டு எண் வேண்டும் என்றேன்.

"இப்பவா மேடம்? துக்க நேரத்துல..."

"இப்பதான்."

கைப்பேசியை வெகுநேரம் தடவினார். எண்கள் எல்லாம் ஆபீஸில் இருக்கின்றன என்றார்.

"சாவுச் செய்தி சொல்ல என் நம்பர் மட்டும் உங்க போன்ல இருந்துதே," என்றேன்.

காபி எடுத்து வருவதாகச் சொல்லி நகர்ந்தவர் திரும்பவில்லை. வீட்டு எண் வராமல் என் கையெழுத்து வராது என்று கார்த்திக்கிடம் சொன்னேன். "ஓகே மேடம்," என்றார், பேச்சை முடித்தால் போதும் என்ற குரலில். அவர் வேறு வழி தேடுவார் என்று எனக்குத் தெரியும். நான் இருக்கும்வரை தேடட்டும்.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். கேப்டனின் மனைவி சுலோச்சனாவிடம், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "யாருக்குச் சொல்றதுன்னே தெர்லக்கா. அவரு போன்ல அந்த டி.நகர்க்காரரு நம்பர்தான் மேல இருந்துச்சு. சேத்துக்கச் சொல்லி இவருக்குத் தெனமும் பண்ணிக்கினே இருப்பாரில்ல. அவருக்குத்தான் போட்டேன்."

ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் கூப்பிட்டு, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்ட மனிதர், சொந்த வீட்டில் அதைக் கேட்கவே இல்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரை நிற்கவைத்துக் கேட்டிருப்பேன்.

அவருடைய பேனாவோ தொப்பியோ எனக்கு வேண்டாம். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். வாரத்தில் ஒருநாள் என் வீட்டிலிருந்தே கப்பலாட்களின் வீடுகளுக்குப் போன் செய்கிறேன். வரும் பதிலை முழு வாக்கியங்களாக எழுதிவைக்கிறேன். ஆனால் முதலில் கேட்டது சுலோச்சனாவிடம்தான். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி உடம்புக்கு வந்தால் யார், பென்ஷனுக்கு யார், ஒன்றுமே புரியாவிட்டால் யார் என்று கேட்டுக் கேட்டு ஒப்பிக்க வைத்தேன். முதலில் தடுமாறினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல், தப்பில்லாமல் சொன்னார். கடைசியாக வந்தது என் எண்.