முதல் இடிக்குப் பிடுங்கிய பிளக்

அம்மாவின் அடக்கம் முழுவதும் வீடியோவாக எங்கள் வீட்டில் இருக்கிறது. வாசலில் இருந்து பெட்டி புறப்பட்டது முதல் கல்லறையில் கடைசிப் பிடி மண் விழுந்தது வரை. எடுத்தது தங்கச்சிக்காக. அவள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். அந்த வீட்டார் லீவு கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்களில் செத்த வீட்டை வீடியோ எடுப்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. பெட்டிக்கும் வேனுக்கும் சொல்லும் கையோடு படம் எடுப்பவருக்கும் சொல்லிவிடுகிறோம்.

தங்கச்சி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னால் அதை முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

"நீங்கள்லாம் அழுது முடிச்சிட்டீங்க அண்ணே. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. முப்பதுக்குள்ள நானும் அழுதுறணும்" என்றாள்.

முதலில் துண்டு துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகம் மாவு பூசியதுபோல் கலங்கிக் கிடந்ததாம். இப்படி வேண்டாம், முழுசாகத்தான் வேண்டும் என்றாள். இணையத்தில் எங்காவது ஏற்றிவைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் எகிறிவிட்டார்.

"ஊரு ஒலகமெல்லாம் பாக்குறதுக்கு ஒங்கம்மா என்ன சினிமாவுலயா நடிச்சா? அது நம்ம வீட்டுலதான் இருக்கணும். பாக்கணும்னா அவ நம்ம வீட்டுக்குள்ள வந்து பாக்கட்டும்."

அப்பா ஏதோ கோபத்தில் சொன்னார். நான் அதையே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். எனக்கு எப்போதும் இப்படி ஒரு வீம்பு உண்டு. ரவுட்டரோடு வயரில் சேரும் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, வீடியோவை அதில் போட்டேன். வெளியே இருப்பவள் அந்தப் பெட்டிக்குள் வருவதற்கு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய வேண்டும். அது என்னவென்று பதுளையில் எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. மூக்கால் பேசும் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படித்தேன்.

விஷயம் ஒன்றும் புதிதல்ல. நாங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருந்தபோது எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கென்று விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே ஒருவர் பார்த்து, இது இன்ன லயத்து ஆளுக்கு என்று கொடுத்துவிட வேண்டும். அவர் கொடுத்தால் உண்டு, மறந்தால் இல்லை. ரவுட்டரும் அந்த ஆபீஸ்தான். வெளியுலகத்துக்குத் தெரிவது அதன் விலாசம் மட்டுமே. இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அந்தப் பெட்டியிடம் அனுப்பு என்று நாம் எழுதிவைக்கிறோம். அவ்வளவுதான். எழுதிவைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் என் போனில் திறந்து பார்த்தேன். அம்மாவின் முகம் தெளிவாக வந்தது. ரோஜா மாலை, நெற்றியில் விழுந்த ஒற்றை முடி வரைக்கும். சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் போனைக் கவிழ்த்துவைத்தேன்.

அப்பாவிடம், "அம்மா வீடியோ பூரா இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. பத்திரம்" என்று மட்டும் சொன்னேன். தங்கச்சி வந்து பார்க்கும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதை யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைத்துவிட்டேன்.

தங்கச்சிக்கு வாரத்தில் வாய்ப்பது வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டுந்தான். அந்த வீட்டார் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரம். வாய்விட்டு அழுவதற்கு அவளுக்கு வேறு நேரமில்லை. அவளுக்கு மத்தியானம் என்றால் நமக்குப் பின்னேரம். முதல் வெள்ளி, கதவு திறக்கவில்லை என்றாள். வெலிமடையில் வேலை முடிந்து பஸ் பிடித்து நான் வீடு வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரவுட்டரின் வெளி விலாசம் மட்டும் மாறியிருந்தது. ரவுட்டர் அணைந்து எரிந்தால் அப்படி மாறும் என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். யார் அணைக்கப் போகிறார்கள், கம்பெனிக்காரன் வேலையாக இருக்கும் என்று திட்டிவிட்டு, விலாசம் எத்தனை முறை மாறினாலும் மாறாத ஒரு பெயரை அதற்கு வைத்தேன்.

அடுத்த வெள்ளியும் திறக்கவில்லை.

"இங்க நல்லாத்தான் வேலை செய்யுது. ஒன்னோட பக்கம்தான் ஏதோ பிழை" என்றேன்.

"எப்பவும் என்னோட பக்கம்தாண்ணே பிழை" என்றாள். "நான் அடக்கத்துக்கு வரலன்னு அப்பாவுக்குக் கோவமா? அதுக்குத்தான் பூட்டி வச்சிருக்கீங்களா?"

"பைத்தியம் மாதிரி பேசாத" என்று போனை வைத்துவிட்டேன். அவளோடு இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

முப்பதாம் நாள் ஜெபம் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, மண்சரிவு எச்சரிக்கை வந்ததால் எங்களை வேலையிலிருந்து வெள்ளனவே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுப் படியில் குடையை உதறும்போது நமுனுகுல மலைப்பக்கம் முதல் இடி உருண்டது.

உள்ளே அப்பா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். டீவி, பிரிட்ஜ், கடைசியில் ரவுட்டர், பெட்டி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்தில் முதல் இடிக்கு யாராவது ஒருவர் "பிளக்கைப் புடுங்குங்க!" என்று கத்துவார். அந்தக் குரல் காம்பரா காம்பராவாக ஓடும். வரிசை முழுக்க ஒரே கரண்ட் லைன். ஒரு முறை பிடுங்க மறந்து எங்கள் டீவி புகைந்துபோனது. அதிலிருந்து அப்பாவுக்கு இடிச் சத்தம் என்றால் கை தானாகச் சுவருக்குப் போகும். இடி நின்றதும் திரும்ப மாட்டிவிடுவார், நான் வேலை முடிந்து வரும்போது எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊரில் பின்னேரம் இடிக்காத நாள் உண்டா? லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனதே!

அப்பா பெட்டியை அம்மாவின் கம்பளிச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதை எதுக்குப்பா கழட்டுனீங்க?"

"அவ இதுக்குள்ளதானே இருக்கா. மின்னல் அடிச்சா திரும்பக் கெடைப்பாளா? சின்னவ வேற பாக்கணும்ல" என்றார்.

கத்தத்தான் வாயெடுத்தேன். அந்தச் சால்வையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பெட்டியை வாங்கி வயர்களை மாட்டினேன். ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்துகொண்டிருந்தபோது பளீரென்று ஒரு மின்னல். வீடு இருண்டது. கரண்ட் போய்விட்டது.

போன் அதிர்ந்தது. "அண்ணே, இன்னைக்கும் பூட்டித்தான் இருக்கு."

நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். வந்த பதில்: "அவங்க வந்துட்டாங்க. வைக்கிறேன்."

மறுநாள் ஜெபத்தில் பிள்ளைகள் பெயரை வாசித்தபோது அவள் பெயரையும் வாசித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தன்னால்தான் மகள் வெளியே நின்றாள் என்று புரிந்ததும் அவர் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். கரண்ட் போனாலும் தாங்குகிற ஒரு பேட்டரி வாங்கி மாட்டினேன். எல்லாம் தயார் என்று தங்கச்சியை அழைத்துச் சொன்னேன். நடந்தது யார் பிழையும் இல்லை என்று அவளுக்குப் புரிந்திருந்தது. கோபமும் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"இப்ப வேணாம்ணே" என்றாள். "முப்பது முடிஞ்சிருச்சி. அழுக வர்ற நேரத்துல எனக்கு வழியில்லாமப் போச்சி. இப்ப இந்த வீட்டுப் புள்ளைக்குச் சோறூட்டுறப்ப சிரிக்கக்கூடச் செய்றேன். பாத்தேன்னா திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். தனியா என்னால ஏலாதுண்ணே."

இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை முதல் இடிக்கு அப்பா டீவியையும் பிரிட்ஜையும் பிடுங்குவார். ரவுட்டரைத் தொடமாட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு மின்னலுக்கும் அவர் கை பிளக்கை நோக்கிப் போய்த் திரும்பும். போன வெள்ளி எனக்கு லீவு. பெட்டிக்குள் யார் வந்தார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்து நானும் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு பெயரும் இல்லை.

"வந்துட்டாளா?"

"இன்னும் இல்லப்பா."

கூரை அதிர ஓர் இடி விழுந்தது. அப்பா சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவளும் லயத்துல வளந்த புள்ளதானே" என்றார். "இடி நிக்கட்டும்னு இருப்பா."