கேக்கில் குத்திய கொடி

எனக்குப் பிரெஞ்சு கற்றுத் தந்தவர் கீழ்வீட்டு மடாம். அரசாங்க வகுப்புக்கும் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே படித்தது அங்கேயே நின்றுவிட்டது. கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பெயரைச் சொல்லி, நான் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லும்வரை கத்தரிக்காயைத் தராமல் பிடிவாதம் பிடித்தவர் இவர்தான்.

கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் மிகப் பழைய ஆள் அவர். எழுபது வயதைத் தாண்டியவர், தனிக்கட்டை. நாங்கள் மூன்றாம் மாடி, அவர் நிலத்தளம். இளமை முழுவதும் டவுன்டவுனில் ஒரு பெரிய துணிக்கடையில் நின்றிருக்கிறார். அங்கே வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். கூட வேலை செய்கிற பெண்ணோடு பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசினால்கூட மேலாளர் முறைப்பாராம். "நான் ஓய்வு பெற்ற அன்றைக்கே ஆங்கிலத்துக்கும் ஓய்வு கொடுத்துவிட்டேன்" என்பார். தபால்காரர் "குட் மார்னிங்" என்றால் காது கேளாதவர்போல நிற்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. விடியவே வெளிக்கிட வேண்டும். கணவர் உணவகச் சமையலறையில் இரவு வேலை முடித்து வந்து அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். அதனால் மகளைத் தினமும் மடாம் வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் சுட்டுக் கொடுத்து, தலை வாரி, பள்ளிக்கூடம்வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போவது அவர். இந்த ஊரில் எனக்கென்று சொல்ல ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கியூபெக் தனிநாடாகப் பிரிவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு அந்த இலையுதிர்காலத்தில் அழைப்பு வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். இடமில்லாமல் சுவரோரம் நின்றவர்களும் உண்டு. எல்லோரும் கையை உயர்த்திச் சத்தியம் செய்தோம். வெளியே வரும்போது சிவப்பு மேப்பிள் இலை போட்ட சின்னக் காகிதக் கொடி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரை நான் கட்டிப்பிடித்து அழுதேன்.

நல்ல செய்தி என்றால் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும். எங்கள் ஆட்களிடம் அதற்கு மாற்றமில்லை. அன்றைக்கே பட்டர் கேக் அடித்தேன். மகள் தன் கொடியைக் கேக்கின் நடுவில் குத்தினாள். வடிவாக இருக்கிறதென்று நானும் விட்டுவிட்டேன். மூளை எங்கே போயிருந்ததோ! மடாமின் ஜன்னலில் பிரிவினைக்கு ஆதரவாக நீலமும் வெள்ளையுமாகக் கியூபெக் கொடி தொங்கத் தொடங்கிப் பல வாரமாகியிருந்தது. அதைத் தினமும் கடந்து போகிறவள் நான்.

மடாம் கதவைத் திறந்து கேக்கைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.

"இன்றைக்கு எத்தனை பேர் சத்தியம் செய்தீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மண்டபம் நிறைய! நிற்கக்கூட இடமில்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கொடியை மெதுவாகப் பிடுங்கி, ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்து மகளின் கையில் கொடுத்தார். "இந்த வாக்கெடுப்பில் எங்களைத் தோற்கடிக்கத்தான் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்" என்றார். "உன்மேல் கோபமில்லை. உன்னைக் கேட்டா செய்தார்கள்?"

ஒருவரும் எங்களைக் கொண்டுவரவில்லை, உயிருக்குப் பயந்து நாங்களாக ஓடி வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். அவர் எனக்குக் கற்றுத் தந்த பிரெஞ்சு கத்தரிக்காய்க்கும் மழைக்கும் போதும், இதற்குப் போதாது. ஆனால் நான் அதைச் சொல்லாததற்கு அது மட்டும் காரணமில்லை. அந்தச் சொற்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

ஊரில் எங்கள் பக்கத்துக் குளத்துக்கு அப்பால் அரசாங்கம் லொறி லொறியாகச் சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. "வோட்டுப் போடக் கொண்டு வந்த சனம்" என்பார் ஐயா. அவர்கள் சிரித்தாலும் திரும்பிச் சிரிக்கமாட்டார். ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கேயிருந்து ஒரு பெண் தட்டு நிறைய எண்ணெய்ப் பலகாரத்தோடு எங்கள் படலையில் வந்து நின்றாள். அம்மா வாங்கினா. ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது என்றார் ஐயா. கோழிகள் தின்றன. ஐயா செய்தது பிழையென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்மேல் பிழையென்றும் சொல்ல முடியவில்லை. மடாமின் வாசலில் தட்டோடு நின்றபோது அவளுடைய முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மடாம் கேக்கை எடுத்துக்கொண்டு தட்டைக் கழுவித் தந்தார். சாப்பிட்டாரா என்று தெரியாது. கேட்கத் துணிவில்லை.

வாக்கெடுப்பு நாளில் நான் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

"என்னப்பா யோசிக்கிறீர்?" என்றார் கணவர்.

"தனிநாடு கேட்டு அடிபட்ட சனம் நாங்கள். இஞ்ச வந்து இன்னொரு சனத்துக்கு அது வேண்டாமெண்டு போடுறதோ?"

"இருக்க இடம் தந்த நாடு. அதை உடையெண்டு போடச் சொல்லுறீரோ?"

"அதையும் நான் சொல்லேல்லையே" என்றேன்.

"அப்ப வெளிக்கிடும்" என்றார்.

வேண்டாம் என்றுதான் போட்டேன். மறுபடி ஒரு நாடு இரண்டாகப் பிரிவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெளியே வந்தபோது சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை, வெறும் பயம்தான்.

பிரிவினை கேட்டவர்கள் மயிரிழையில் தோற்றார்கள். வந்தேறிகளின் வோட்டுத்தான் கவிழ்த்தது என்று தொலைக்காட்சியிலேயே பேச்சு அடிபட்டது. அடுத்த நாள் விடிய மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வாசல்வரை போய் இரண்டு தரம் திரும்பிவிட்டேன். வேலைக்கு நேரமாகிறது, வேறு எங்கே விட?

கதவு வழக்கம்போலத் திறந்தது. அழுத கண்கள். மகளை அணைத்து உள்ளே எடுத்து, அவளுடைய ஜாக்கெட்டைக் கழற்றினார். பாண் சுட்டு வைத்திருப்பதாகப் பிரெஞ்சில் அவளிடம் சொன்னார். பிறகு நிமிர்ந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அதுவரை பார்த்திராத சிரிப்பு, துணிக்கடைச் சிரிப்பு.

"குட் மார்னிங்" என்றார்.

நான் "போன்ஜூர், மடாம்" என்றேன்.

"ஹேவ் எ நைஸ் டே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.