ஏட்டையாவுக்கு உத்தரவு போட்ட கணினி

காவல்துறையில் முப்பது வருஷம் உழைத்து ஏட்டாக ஓய்வுபெற்ற வல்லிநாயகம், இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மேலாளர். ஆதார் அட்டையையும் ஆளின் முகத்தையும் மூன்று முறை ஒப்பிட்டு, புதுமணத் தம்பதியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்த பிறகுதான் சாவி கொடுப்பார். தன்னை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்பது அவருடைய கருத்து.

சாரல் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் பிறந்தான். ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா என்று இணையத்தில் தேடியவர் எதையோ அழுத்திவைக்க, திரை சிவந்து சைரன் அலறியது. 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள். அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்.' மேலே ஒரு கேடயச் சின்னம் வேறு. அதைக் கண்டதும் ஏட்டையாவின் முதுகு தானாக விறைத்தது.

மறுநாள் வரவிருந்த இருபத்தாறு குடும்பங்களின் முன்பதிவுப் பட்டியல் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அது போனால், சீசன் சனிக்கிழமையில் லாட்ஜ் வாசலில் அடிதடிதான்.

"பிரவுசரை மூடுங்க ஏட்டையா. சும்மா மிரட்டுதான்" என்றாள், வரவேற்பு மேசையில் இருந்த கிருபா.

"மூடக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கான். ஏட்டி, கண்ணு தெரியலையா?"

"உத்தரவு போட அவன் யாரு? நெசமான எச்சரிக்கையில போன் நம்பர் கொடுப்பானா?"

"சின்னம் இருக்குல்லா!"

"சின்னம் நம்ம பாத்ரூம் சோப்புலயுந்தான் இருக்கு."

அவர் எண்ணை அழுத்திவிட்டார். மறுமுனையில் ஒரு பணிவான குரல், ஒரு செயலியை இறக்கச் சொன்னது. ஏட்டையாவின் கை, பழக்கதோஷத்தில் விருந்தினர் பதிவேட்டைத் திறந்தது.

"இரியும். முதல்ல பேரு? அப்பா பேரு?"

"சார், வைரஸ் பரவுது..."

"பரவட்டும். சொந்த ஊரு எது? ஆதார் நம்பரைச் சொல்லும். கூட எத்தன பேரு?"

இணைப்பு அறுந்தது. அவர் மறுபடி அழைத்தார், யாரும் எடுக்கவில்லை.

"பாத்தியா, எவ்வளவு பிஸியான டிபார்ட்மென்டுன்னு!"

கிருபா எட்டி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். பிரவுசர் மூடியது, சைரன் செத்தது. அந்த இணையப் பக்கம் கணினிக்குள் நுழையவே இல்லை. வெளியே நின்று கூச்சல் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் இருபத்தாறு குடும்பங்களும் பத்திரமாக இருந்தன.

"நான் கேட்ட கேள்வியில வைரஸே ஓடிட்டுல்லா!" என்றார் ஏட்டையா.

கிருபா பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்தாள்; மற்றதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.