கொத்தில்லா

தொண்ணூறுகளில் மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எங்கள் வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் கன்னடத்தில் சொல்வதைத் தமிழ்க்காரர்களுக்குச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. உண்மையில் எனக்கு அதில் பெருமைதான். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் நகரமாட்டேன். தெரியாது என்று சொன்னால் யூனிஃபார்முக்கே மரியாதை போய்விடும் என்று நினைத்த வயது.

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு வந்து சேர்ந்தார். இரண்டு கால்களிலும் அசைவில்லை. துணைக்கு மனைவி மட்டும். அவளும் சித்தாள் வேலை பார்த்தவள். மறுபடி நடப்பேனா என்று அவர் என்னைத்தான் கேட்டார். "பத்தே நாள்ல காலை அசைப்பீங்க பாருங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவரை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோயிருந்த நேரம், அவர் மனைவி வராந்தாவில் என்னை நிறுத்தி, அங்கே வந்த டாக்டரிடம் அவர் நடப்பாரா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். "கொத்தில்லா, நோடோணா" என்றார் டாக்டர். தெரியாது, பார்க்கலாம் என்று அர்த்தம். நான் கூசாமல், "சீக்கிரம் சரியாயிடும்னு சொல்றார்மா" என்றேன்.

டாக்டர் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"கொத்தில்லான்னுதானுங்க சிஸ்டர் சொன்னாரு. நாங்க இந்த ஊருக்கு வந்த புதுசுல, எங்கியாச்சும் வேல இருக்குதான்னு கேட்டா எல்லாரும் கொத்தில்லாம்பாங்க. கொத்து வேல இல்லீன்னு சொல்றாங்கன்னு நெனச்சு, மூணு நாளு சுத்திப்போட்டு ஊருக்கே கெளம்பிட்டமுங்க. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தருதான் சிரிச்சுப்போட்டு, தெரியாதுன்னா இல்லீன்னு ஆயிருமான்னு கேட்டாரு. மறுநாளே வேல கெடச்சுதுங்க. டாக்டரும் இல்லீன்னு சொல்லலீங்களே. அதையே எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு."

முதலில் கோபம்தான் வந்தது. என் கன்னடத்தை ஒரு சித்தாள் திருத்துவதா? வராந்தாவைக் கடப்பதற்குள் அது வெட்கமாகிவிட்டது. நோயாளியின் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்துகொண்டு இத்தனை நாள் எத்தனை பேரிடம் இப்படிப் புளுகியிருப்பேன்.

மதியம் மருந்து கொடுக்கப் போனபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நடப்பீங்களா மாட்டீங்களான்னு டாக்டருக்கு இன்னும் தெரியலை. எனக்கும் தெரியாது. பத்து நாள்னு நான் சொன்னது சும்மா சொன்னதுங்க."

அழுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, பத்து நாளாகியும் காலு அசையாதது எந் தப்பு இல்லீங்களா?"

"இல்லைங்க" என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.